புதுச் சுவருக்கு எப்போது பெயிண்ட் அடிக்கலாம்? கொல்லிமலையில் ‘28 நாள் கணக்கு’ பலிக்காதது ஏன்?

கார்த்திகையில் பூச்சு வேலை முடிகிறது. தையில் புதுமனை புகுவிழா. நடுவில் இருப்பது மார்கழி ஒன்றுதான். அந்த ஒரு மாதத்துக்குள் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ரெண்டு கோட் பெயிண்ட்டும் அடித்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். பெயிண்டரும் சரி என்கிறார். விழா அன்றைக்கு வீடு பளபளவென்று இருக்கிறது. போட்டோவும் நன்றாக வருகிறது.

அடுத்த ஐப்பசி மழையில் அதே சுவரைப் பார்த்தால் கதை வேற. ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்து நிற்கும். விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிரும். உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி உப்பு பூத்திருக்கும். கடைக்காரர் பெயிண்டரைக் கை காட்டுவார், பெயிண்டர் கம்பெனியைக் கை காட்டுவார். பல வீடுகளில் தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை. சுவர் காயவில்லை. அவ்வளவுதான்.

எந்த ஊரிலும் இது நடக்கும். ஆனால் நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை போன்ற இடத்தில் ரொம்ப எளிதாக நடக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிற மேடு, வடகிழக்குப் பருவமழை, அது முடிந்த கையோடு வருகிற பனி, காலையில் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும் மூடுபனி... இவ்வளவும் சேர்ந்தால் சமவெளிக்கு எழுதப்பட்ட நாள் கணக்கு எதுவும் இங்கே செல்லாது.

இதில் பணமும் இருக்கிறது. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். மொத்தம் 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. மத்திய அரசின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் மலைப் பகுதிகளுக்கான மத்திய தொகுப்புத் தொகை 1.30 லட்சம். மண் சுவர் வீட்டிலிருந்து முதல் முறையாக சிமெண்ட் சுவர் வீட்டுக்கு மாறும் குடும்பத்துக்கு இது ஆயுளில் ஒரே ஒரு முறை வருகிற பணம். உரிந்த சுவரைச் சுரண்டி மறுபடி அடிக்க யாரும் இன்னொரு தவணை தரப் போவதில்லை.

சுவருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கு?

கண்ணுக்குச் சுவர் காய்ந்த மாதிரிதான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

10 அடிக்கு 10 அடி சுவர். அதில் 12 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச்சு. கலவையின் அளவு சுமார் 110 லிட்டர் வரும். அதைக் குழைக்க ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீர் போயிருக்கும். அதாவது இரண்டு பிளாஸ்டிக் குடம். அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சிமெண்ட் தன்னோடு சேர்த்துக் கெட்டியாக்கிக்கொள்கிறது. மீதி ஒரு குடத்துக்கு மேல் தண்ணீர் ஆவியாகி வெளியே வந்தாக வேண்டும். இதற்கு மேல் க்யூரிங்குக்காக ஊற்றிய தண்ணீர், செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ குடித்து வைத்திருக்கும் தண்ணீர், கட்டும்போது பெய்த மழை எல்லாம் தனி.

இதெல்லாம் வெளியே வர ஒரே வழி, காற்று. வறண்ட காற்று பட்டால் சுவர் ஈரத்தை விடும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் சுவர் எங்கே விடும்? துவைத்த துணி மார்கழியில் மலையில் எத்தனை நாள் காய்கிறது என்று கேட்டால் வீட்டில் இருக்கிற அம்மாவே சொல்லிவிடுவார். சுவருக்கும் அதே கணக்குதான்.

‘28 நாள்’ எங்கிருந்து வந்தது?

புதுப் பூச்சு முடிந்து 28 நாள் கழித்துத்தான் பெயிண்ட் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது பெயிண்ட் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கான்கிரீட்டின் வலிமையைச் சோதிப்பதும் 28-வது நாளில்தான். அதனால் இந்த எண் மேஸ்திரி முதல் இன்ஜினீயர் வரை எல்லோர் வாயிலும் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இரண்டு வேறு விஷயங்கள் இங்கே ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. ஒன்று இறுகுவது. இன்னொன்று காய்வது. சிமெண்ட் இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். அதனால்தான் பூசிய பிறகு 7 முதல் 10 நாள் வரை சுவரை நனைக்கிறோம். காய்வதற்கு அந்தத் தண்ணீர் போக வேண்டும். 28 நாளில் இறுகுவது பெருமளவு முடிந்திருக்கும். காய்ந்திருக்குமா என்பதை நாள்காட்டியால் சொல்ல முடியாது, வானிலைதான் சொல்ல வேண்டும்.

கார்த்திகை முதல் தேதி, அதாவது நவம்பர் நடுவில் பூசிய சுவருக்கு டிசம்பர் நடுவில் 28 நாள் ஆகிவிடும். காலண்டர் ‘அடிக்கலாம்’ என்கிறது. ஆனால் அந்த 28 நாளும் மழை நாள், அடுத்து வருவது பனி நாள். பங்குனியில் கீழே நாமக்கல்லில் பூசிய சுவரின் 28 நாளும், கார்த்திகையில் செம்மேட்டில் பூசிய சுவரின் 28 நாளும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை.

சில பேர் இதைக் கேட்டுவிட்டு க்யூரிங்கைக் குறைத்துவிடுகிறார்கள். ‘எப்படியும் பனி இருக்கே, தண்ணி எதுக்கு?’ என்று. அது இன்னும் மோசம். மூடுபனி சுவரின் மேல்தோலை மட்டும் நனைக்கும். வெயில் அடிக்கிற மதியத்தில் பூச்சு வெடித்து, மயிரிழை மாதிரி கோடுகள் விழும். நனைக்க வேண்டிய நாளில் நனைக்கத்தான் வேண்டும்.

ஈரம் மட்டும் இல்லை, காரமும் இருக்கு

சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகிறது. நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிற அதே சுண்ணாம்புதான். இதனால் புதுப் பூச்சின் காரத்தன்மை பிஹெச் அளவில் 12-ஐத் தாண்டி இருக்கும். சித்தாள் வேலை பார்ப்பவர்களின் கை வெந்துபோவது இதனால்தான்.

இந்தக் காரத்தின் மேல் எண்ணெய் அடிப்படையிலான பெயிண்ட்டையோ பிரைமரையோ அடித்தால் என்ன ஆகும்? எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. சோப்பு கம்பெனியில் நடக்கும் வேலை அப்படியே சுவரில் நடக்கும். பெயிண்ட் பிசுபிசுத்து, மென்மையாகி, ஒட்டும் பிடி விட்டுப்போகும். அடர்ந்த நிறம் என்றால் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

காலப்போக்கில் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டு, மேல்பரப்பின் காரம் தானாகக் குறையும். அதற்கும் நாள் வேண்டும்.

ஈரமும் காரமும் கூட்டாளிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வரும்போது சும்மா வராது. கரைந்த உப்பையும் சுண்ணாம்பையும் தூக்கிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு சுவரிலேயே தங்கிவிடும். அதுதான் ‘உப்பு பூத்திருக்கு’ என்று நாம் சொல்வது. பெயிண்ட் அடைத்துக்கொண்டு நின்றால் உப்பு அதற்குப் பின்னால் சேர்ந்து, பெயிண்ட்டையே வெளியே தள்ளும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைகள்

ஈரமானி என்று ஒரு கருவி இருக்கிறது. சில பெயிண்ட் ஒப்பந்ததாரர்கள் வைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

முதல் சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட் போதும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடி ஷீட்டாக வாங்குங்கள். சுவரில் தூசியைத் துடைத்துவிட்டு, நான்கு பக்கமும் காற்று புகாமல் அகல டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். கான்கிரீட் ஈரத்துக்கு அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தர அமைப்பு சொல்லும் முறையும் இதே அளவு, இதே நேரம்தான். சாயங்காலம் ஒட்டி மறுநாள் மதியம் பார்த்தால் சரியாக இருக்கும். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் சுவர் கறுத்திருந்தாலோ, சுவர் இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டப்பாவைத் திறக்காதீர்கள்.

மலை வீட்டில் இந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டும். ஷீட்டின் வெளிப்பக்கம் நீர் கோர்த்திருந்தால் அது சுவரின் ஈரம் இல்லை, அறையின் காற்றில் இருக்கும் ஈரம். சுவர் காய்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் பிரைமர் அடிக்கக் கூடாது.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே ஒன்று, மண்மேட்டைப் பார்த்த சுவரில் ஒன்று ஒட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். மலையில் சரிவை வெட்டித்தான் மனை எடுக்கிறோம். பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே இடைவெளியும் வடிகாலும் விடாமல் மண் சுவரோடு அணைந்து நின்றால், அந்தச் சுவர் எத்தனை வருடம் ஆனாலும் காயாது. அதற்கு மருந்து மண்வெட்டிதான். பெயிண்ட் கடையில் கிடைக்காது.

இரண்டாவது சோதனைக்கு அடுப்படிக்குப் போனால் போதும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் சிவப்பாக மாறுமே, அதே விஷயம்தான். மஞ்சள்தூளைக் குழைத்து, பின்னால் பீரோ வரப்போகிற மூலையில் ஒரு பொட்டு வையுங்கள். ரத்தச் சிவப்பாக மாறினால் காரம் முழு வீரியத்தில் இருக்கிறது. மஞ்சளாகவோ லேசான ஆரஞ்சாகவோ நின்றால் மேல்பரப்பு அடங்கி வருகிறது. எண் தெரிய வேண்டும் என்றால் பிஹெச் தாள் வாங்கி, ஈரப்படுத்திய சுவரில் ஒட்டிப் பார்க்கலாம். மஞ்சள் கறை போகாது என்பதால் நடுக்கூடத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். கையில் மணலும் தூளும் கொட்டினால் பூச்சே பலவீனமாக இருக்கிறது. பிரைமர் அதைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. கூரையின் அடிப்பகுதியில் சென்ட்ரிங் எண்ணெய்க் கறை இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரைமர் திட்டுத் திட்டாக விலகி நிற்கும்.

பிரைமர் என்னதான் செய்யுது?

‘பிரைமர் என்பது மட்டமான வெள்ளை பெயிண்ட், செலவு பண்ணாம விட்டுடலாம்’ என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். ‘பிரைமர் அடிச்சாச்சு, இனி ஓதம் வராது’ என்று நம்புபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே சரியில்லை.

சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெயிண்ட்டைக் குடிக்காது. கரணை அழுத்தித் தேய்த்த இடம் குறைவாகக் குடிக்கும், சொரசொரப்பான இடம் அதிகமாகக் குடிக்கும், பட்டி வைத்த இடம் வேற மாதிரி குடிக்கும். பிரைமர் அந்தத் தாகத்தைச் சமன் செய்கிறது. தூளைக் கட்டிப் பிடிக்கிறது. மேலே வரும் பெயிண்ட்டுக்குப் பிடிமானம் தருகிறது. காரத்தைத் தாங்கும் வகையாக இருந்தால் அதை மேல் கோட்டுக்கு ஏறவிடாமல் தடுக்கிறது. இவ்வளவுதான் அதன் வேலை. தண்ணீரைத் தடுப்பது அதன் வேலையே இல்லை. கூரை ஒழுகல், சன்ஷேட் இல்லாத ஜன்னல், வெளிச்சுவர் வெடிப்பு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் உள்ளே எத்தனை கோட் பிரைமர் அடித்தாலும் வீண்தான்.

புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிப்படையிலான, காரம் தாங்கும் பிரைமர் நல்லது. அதன் படலம் ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும். எண்ணெய் அடிப்படையிலான பிரைமர் பழைய, தூள் கொட்டும் சுவருக்கு உதவும். புதுச் சுவரில் அது ஈரத்தைப் பூட்டி வைக்கும், மேலே சொன்ன சோப்பு வேலையும் நடக்கும்.

தண்ணீர் கலக்கும் அளவு டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். அந்த அளவுக்கு மேல் கலப்பதுதான் வேலை நடக்கும் இடங்களில் அடிக்கடி பார்க்கும் தவறு. 10-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் கதவு ஜன்னல் போக நான்கு சுவரும் கூரையும் சேர்த்துச் சுமார் 500 சதுர அடி வரும். ஒரு லிட்டர் பிரைமர் ஒரு கோட்டுக்குத் தோராயமாக 100 சதுர அடி என்று வைத்தாலும் 5 லிட்டர் வேண்டும். 2 லிட்டரில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், அது அவருடைய திறமையா வாளித் தண்ணீரின் திறமையா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பட்டி முதலா, பிரைமர் முதலா?

பெயிண்டர்களுக்குள்ளேயே சண்டை வரும் கேள்வி இது. பட்டி எந்த வகை என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ஒயிட் சிமெண்ட் பட்டி என்றால் அதை நேராகப் பூச்சின் மேலேயே வைக்க வேண்டும், பிரைமர் அதற்குப் பிறகு. அந்தப் பட்டியும் சிமெண்ட் குடும்பம்தான், அது பூச்சோடு சேர்ந்து இறுக வேண்டும். இரண்டு கோட், மொத்தக் கனம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அக்ரிலிக் பட்டி என்றால் முதலில் ஒரு கோட் பிரைமர், பிறகு பட்டி, உப்புத்தாள் போட்டு மட்டம் செய்த பிறகு இன்னொரு கோட் பிரைமர்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். இத்தனை நாள் காயவிடச் சொல்லிவிட்டு, சிமெண்ட் பட்டி வைக்கும் முன் பெயிண்டர் சுவரில் தண்ணீர் தெளிக்கிறாரே? அது மேல்தோலுக்கு மட்டும். வறண்ட சுவர் பட்டியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பட்டி இறுகாமல் தூளாகிப் போகும். அந்தத் தெளிப்பு ஒரு நாளில் போய்விடும். சுவரின் ஆழத்தில் இருக்கும் ஈரம்தான் மாதக் கணக்கில் நிற்பது.

உப்புத்தாள் போடும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். துண்டு போதாது, முகக்கவசம் வேண்டும். தேய்த்து முடித்ததும் தூசியைத் துடைக்காமல் பிரைமர் அடித்தால் பிரைமர் தூசியில் ஒட்டும், சுவரில் ஒட்டாது. உப்பு பூத்த இடம் கண்ணில் பட்டால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

எத்தனை மணிக்கு அடிக்கலாம்?

மலையில் பெயிண்ட் வேலைக்கான நேரம் குறைவு. இரவில் குளிர்ந்த சுவர் காலையில் உடனே சூடேறாது. மூடுபனி விலகிய பிறகும் சுவரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும். குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் கோர்ப்பது போல. அதனால் காலை 10, 11 மணிக்குத் தொடங்கி, மதியம் 3 மணியோடு நிறுத்திவிடுவது நல்லது. அதற்கு மேல் அடிக்கும் கோட் காய்வதற்குள் சாயங்காலப் பனி இறங்கிவிடும். டப்பாவில் அடுத்த கோட்டுக்கு 4 மணி நேரம் என்று போட்டிருந்தால் மழைக்காலத்தில் அதை ஒரு நாளாக வைத்துக்கொள்ளலாம். மழை இல்லாத நேரத்தில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பூட்டிய வீடு காயாது.

பெயிண்டருக்கு ஏன் அவசரம்?

அவரைக் குறை சொல்வது எளிது. கீழேயிருந்து வருகிறவர் என்றால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஏணி, டப்பா, ரோலர், ஆள் எல்லாம் ஏற வேண்டும். இன்று ஒரு கோட் பட்டி, பத்து நாள் கழித்து இன்னொரு வேலை என்றால் அவருக்குக் கட்டுப்படி ஆகாது. ஏறியவர் முடித்துவிட்டு இறங்கத்தான் பார்ப்பார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

அதனால் பேசும்போதே இரண்டு பயணமாகப் பேசிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பட்டியும் பிரைமரும் ஒரு பயணம், பெயிண்ட் இன்னொரு பயணம், கூலியும் தனித்தனி. வண்டி வாடகை ஒரு தடவை கூடும். முழு வீட்டையும் சுரண்டி அடிப்பதோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு. ஒரு டப்பா குறைந்தாலும் மறுபடி கீழே போக வேண்டும் என்பதால் அளவை முன்கூட்டியே கணக்குப் போட்டு வாங்கிவிடுவதும் நல்லது.

வாங்கும்போது இன்னொன்று. வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. ஈயம் பற்றிய குறிப்பு டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கை வைக்கும் கதவு ஜன்னலுக்கு இது ரொம்ப முக்கியம்.

விழா தையில், பெயிண்ட் பங்குனியில்

ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவிழா வைக்க மாட்டார்கள். தை பிறந்ததும் நாள் பார்ப்பார்கள். போகிக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கமும் கூடவே இருக்கிறது. ஆக, வருடத்திலேயே சுவர் மோசமாகக் காயும் பருவத்தில்தான் நாம் பெயிண்ட் அடிக்க ஓடுகிறோம்.

நாளை மாற்றச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். தையிலேயே பால் காய்ச்சுங்கள். பெயிண்ட்டை மட்டும் மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். அதுவரை சாம்பல் நிறச் சுவரோடு இருக்க மனம் ஒப்பவில்லை என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது: சுண்ணாம்பு.

சுண்ணாம்பு வெள்ளை தானே காரம் என்பதால் சிமெண்ட்டின் காரம் அதை ஒன்றும் செய்யாது. அதன் வழியே சுவர் மூச்சு விடும், ஈரம் வெளியே போகும். ‘முதல் வருஷம் வெள்ளையடி, ஒரு மழை பார்த்துட்டு வர்ணம் அடி’ என்று பெரியவர்கள் சொல்வதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது. கோபுரத்துப் பொம்மைகளைச் ‘சுதைச் சிற்பம்’ என்கிறோமே, அந்தச் சுதையும் சுண்ணாம்புக் கலவைதான். சுவரையும் சுண்ணாம்பையும் நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. பிறகு எமல்ஷன் அடிக்கும்போது அந்தச் சுண்ணாம்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும். அதன் மேலேயே அடித்தால் பெயிண்ட் சுண்ணாம்போடு சேர்ந்து உரியும். பிரைமரை மட்டும் அடித்து மாதக் கணக்கில் விட்டாலும் அது தூள் தட்டிவிடும். துடைத்து, லேசாகத் தேய்த்து, மறுபடி ஒரு கோட் அடிக்க வேண்டும்.

பழைய மண் சுவர் வீட்டையே புதுப்பிக்கிறவர்களுக்கும் சுண்ணாம்புதான் பொருத்தம். மண் சுவரின் மேல் சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்தால் மண் குடித்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சோடு பெயர்ந்து விழும்.

ஜிப்சம் போர்டு சுவர் என்றால்?

மலையில் தங்கும் அறை கட்டுபவர்கள் நடுத் தடுப்புக்கும் பொய்க்கூரைக்கும் ஜிப்சம் போர்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. செங்கல், மணல், தண்ணீர் எதுவும் வேண்டாம். 6 அடிக்கு 4 அடி, 12.5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பலகை சுமார் 20 கிலோதான். ஜிப்சம் களிமத்தை இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திய பலகை இது. 1894-ல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை வாங்கிய பலகையிலிருந்து வளர்ந்து வந்தது. இந்தியாவில் இதற்கு ஐஎஸ் 2095 என்ற தர அளவு இருக்கிறது. மூலப்பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம், பெரம்பலூர் பக்கம் காரை மண்ணிலேயே ஜிப்சம் கிடைக்கிறது.

சிமெண்ட் சுவருக்குச் சொன்னது எல்லாம் இங்கே தலைகீழ். சிமெண்ட் சுவர் ஈரமாகப் பிறந்து காய வேண்டியது. போர்டு காய்ந்தே வருவது, அதை நனையாமல் காப்பதுதான் வேலை. காரத் தொல்லையும் இதில் இல்லை.

லாரியிலிருந்து இறக்கியதும் ஈரத் தரையில் சாத்தி வைக்காமல், கட்டைகளின் மேல் படுக்கையாக அடுக்குங்கள். பொருத்தும் அறையிலேயே ஓரிரு நாள் இருக்கட்டும். பொருத்தும்போது தரையிலிருந்து 10 மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் தரை துடைக்கிற தண்ணீரைப் போர்டு திரி போல உறிஞ்சும். திருகின் தலை தாளைக் கிழிக்காமல், ஒரு நூல் அளவு உள்ளே போய் நிற்க வேண்டும்.

அடுத்து, இரண்டு பலகை சேரும் இணைப்பு. அங்கே ஜாயிண்டிங் கம்பவுண்ட் வைத்து, டேப் பதித்து, அதன் மேல் மேலும் இரண்டு கோட், ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக வர வேண்டும். ஒவ்வொரு கோட்டும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கீழே ஒரு நாள் என்றால் மலையில் மழைக்காலத்தில் இரண்டு, மூன்று நாள்கூட ஆகும். காயாமல் மூடினால் பிறகு அது சுருங்கி, இணைப்புக் கோடு அப்படியே பெயிண்ட்டுக்கு மேல் தெரியும். மென்மையான உப்புத்தாளால் தேய்க்கும்போது கம்பவுண்டை மட்டும் தேய்க்க வேண்டும். தாளைத் தேய்த்தால் பஞ்சு மாதிரி நார் எழும்பும்.

பார்க்க மட்டமாகத்தான் இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடு, பள்ளம், திருகுத் தலை எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். சரிசெய்ய வேண்டிய நேரம் அதுதான், பெயிண்ட் அடித்த பிறகு இல்லை.

போர்டுக்குப் பிரைமர் ஏன் கட்டாயம்? தாள் ஒரு மாதிரி குடிக்கும், கம்பவுண்ட் வேற மாதிரி குடிக்கும். பிரைமர் இல்லாமல் நேராகப் பெயிண்ட் அடித்தால், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது இணைப்பு இருக்கிற இடமெல்லாம் மங்கலான பட்டையாகத் தெரியும். எத்தனை கோட் அடித்தாலும் அது லேசில் மறையாது. போர்டுக்கு ஏற்ற தண்ணீர் பிரைமர் ஒரு கோட் முழுதாக அடித்து, மறுபடி டார்ச் அடித்துப் பார்த்து, தெரிகிற குறையைச் சரிசெய்து, அந்த இடத்தில் மட்டும் இன்னொரு தடவை பிரைமர் தொட்டுவிட்டுப் பிறகு பெயிண்ட். ஒயிட் சிமெண்ட் பட்டியைப் போர்டில் வைக்க வேண்டாம். ஜிப்சமும் சிமெண்ட்டும் ஒத்துப்போகாது, தெளிக்கிற தண்ணீரும் தாளைக் கெடுக்கும்.

மலையில் போர்டுக்குப் பெரிய பகை பூஞ்சணம். தாள் அதற்குச் சாப்பாடு. ஈரம் கசியும் வெளிச்சுவரை மறைக்க அதன் மேல் போர்டு அடிப்பது, நோயை மறைத்து வைப்பது மாதிரி. முன்பக்கம் சுத்தமாக இருக்கும், பின்பக்கம் கறுத்திருக்கும். அறையில் ஒரு மக்கல் வாடை வந்த பிறகுதான் தெரியும். பச்சை நிறத் தாளோடு வரும் போர்டு ஈரக்காற்றைக் கொஞ்சம் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. குளியலறையில் தண்ணீர் நேராகப் படும் இடத்துக்கு சிமெண்ட் போர்டுதான் சரி.

ஏற்கனவே அடித்து உரிந்துவிட்டதா?

உரிந்த இடத்தின் மேலேயே பட்டி வைத்து மூடாதீர்கள். தளர்ந்தது எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. உரிந்த இடமே துப்பு கொடுக்கும். தரையோடு ஒட்டி உரிந்தால் கீழேயிருந்து ஏறும் ஓதம், ஜன்னலைச் சுற்றி என்றால் மழைச் சாரல், கூரையை ஒட்டி என்றால் மேலே தண்ணீர் தேங்குகிறது. அறை முழுக்க அங்கங்கே சீராகக் கொப்பளித்திருந்தால் அனேகமாகக் காயாத சுவரில் அவசரப்பட்டு அடித்ததுதான்.

கறுப்புப் பூஞ்சணம் இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்துக் காயவிடலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கையுறை போட்டுச் செய்ய வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அதைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

சுரண்டிய சுவரை அப்படியே திறந்து விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். மாசி, பங்குனி வெயில் முழுவதையும் அது குடிக்கட்டும். பிறகு மறுபடி பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி, மறுநாள் மதியம் வந்து பாருங்கள்.